நூற்றுக்கு முப்பது பாஸ்

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பாஸ் மார்க் 35. கொழுக்கட்டைப் புல் விதைக்கு அந்தக் கஷ்டம்கூட இல்லை. நூறு விதையில் 30 முளைத்தால் போதும், இந்திய விதைச் சான்றுத் தரம் அதற்குச் சீட்டுக் கட்டி அனுப்பிவிடும். கினியாப் புல்லுக்கு 20. நெல்லுக்கோ 80. நெல் தின்கிறவனுக்கு ஓட்டு இருக்கிறது, புல் தின்கிறதுக்கு இல்லை.

விதைமேல் எனக்குக் கோபமில்லை. கொழுக்கட்டைப் புல் அறுத்த சூட்டில் முளைக்காது, ஆறிலிருந்து எட்டு மாதம் உறங்கும். மணமேல்குடி மாதிரி மழையை நம்பிய கடலோர மண்ணில் அது சோம்பல் இல்லை, புத்தி. சித்திரையில் ஒரு தூறலுக்குத் துள்ளி எழுந்த விதை வைகாசி வெயிலில் கருகும். ஐப்பசி வரை பொறுத்ததுதான் வம்சம் வளர்த்தது. மழைக் காலம் புல்லுக்குத் தெரிகிறது. மார்ச் 31-க்குள் நிதியைச் செலவழித்துக் கணக்கை மூடும் அரசாங்கத்துக்குத் தெரிந்தது மார்ச் மட்டும்தான்.

காத்திருக்க முடியாதவர்களுக்கு வேளாண் விஞ்ஞானிகள் ஒரு யோசனை வைத்திருக்கிறார்கள்: ஒரு சதவீதப் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் 48 மணி நேரம் ஊறவையுங்கள். ஆடு மேய்க்கிற பொம்பளை மணமேல்குடிக் கடைத்தெருவில் போய், "அண்ணே, பொட்டாசியம் நைட்ரேட் பத்து கிராம் கட்டுங்க" என்று நிற்க வேண்டும். "எதுக்கு ஆத்தா, வெடி போடவா?" என்பார் கடைக்காரர். தப்பாகக் கேட்கவில்லை. வெடியுப்பு அதுதான்.

உறக்கத்தை விதைக்குள்ளேயே குறைக்க முடியாதா? எளிதில்லை. கொழுக்கட்டைப் புல் பெரும்பாலும் கருவுறாமலே தாயின் நகலாக விதை வைக்கும். ஒட்டுச் சேர்ப்பது பெரும்பாடு. ஆனால் அமெரிக்காவில், டெக்சாஸின் டெம்பிள் ஊரில், சுவிட்ச் புல்லில் சீக்கிரம் முளைப்பதையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி, உறக்கம் குறைந்த ஒரு இனத்தை 2009-ல் பதிவு செய்துவிட்டார்கள். நமக்கும் ஜான்சியில் புல்லுக்கென்றே 1962-லிருந்து ஒரு தேசிய நிறுவனம் உண்டு. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் கோ 1 நீலக்கொழுக்கட்டை தந்தது. நல்ல புல்தான், மறுக்கவில்லை. அதை எழுப்பும் வேலை மட்டும் கடைசியில் ஆத்தா தலையில்.

2011-ல் அரசுத் திட்டத்தில் ஏழைக் குடும்பத்துக்கு நாலு ஆடு இலவசமாக வந்தது. ஆடு வந்த வேகத்தில் புல் வரவில்லை. மேய்க்கால் புறம்போக்கில் நின்றது சீமைக்கருவேலம். ஆடு அந்தக் காயைத் தின்றது. வயிற்றுக்குள் போய் வந்ததில் கெட்டி விதையுறை இளகி, போட்ட புழுக்கையிலெல்லாம் கன்று முளைத்தது. வெடியுப்பு வேண்டாம், சான்றட்டை வேண்டாம், மானியம் வேண்டாம். யாருக்கும் வேண்டாத விதையை இவ்வளவு ஒழுங்காக முளைக்கவைத்த திட்டம் இந்த நாட்டில் வேறொன்று இருந்தால் சொல்லுங்கள்.

இதே ஆத்தா பால் சொசைட்டிக்குப் போனால் கதை வேறு. அங்கே டிகிரி பார்ப்பார்கள், கொழுப்புப் பார்ப்பார்கள், ஒரு புள்ளி குறைந்தால் காசைப் பிடிப்பார்கள். "நூத்துக்கு முப்பது பாலு, மிச்சம் உறங்குது சார், ஆறு மாசத்துல எந்திரிச்சிரும்" என்று அவள் ஒருநாள் சொல்லிப் பார்க்கட்டும். கேனைத் தூக்கிக் கொட்டிவிட்டு, கலப்படம் என்று ஆளையே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள்.