வெங்கச்சங்கல்லும் வைடூரியமும்

சோகநாசினி ஆற்று மணலில் கண்ணாடி மாதிரி ஒரு கல் கிடைத்தது. வைரமாக இருக்குமா?
– சித்தூர் வாசகர்

இருக்காது. ஆனாலும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அநேகமாக அது வெங்கச்சங்கல். பேனாக்கத்தியால் கீறிப் பாருங்கள், கல்லில் கீறல் விழாது. கத்தியின் இரும்புதான் சாம்பல் கோடாக ஒட்டிக்கொள்ளும். அதே கல்லைப் பழைய பாட்டிலில் தேய்த்தால் பாட்டில் கீறும். இன்னொரு வெங்கச்சங்கல்லையும் தேடி எடுத்து, விளக்கை அணைத்துவிட்டு இரண்டையும் அழுத்தி உரசுங்கள். கல்லுக்கு உள்ளேயே வெளிச்சம் மினுங்கும்; மோந்தால் கருகிய வாடை. எத்தனை தடவை செய்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

ரத்தினத்துக்கும் நம் பக்கத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?
– கொழிஞ்சாம்பாறை வாசகி

நீங்கள் குடியிருப்பதே ரத்தினம் போன வழியில்தான்! கொங்கு நாட்டிலிருந்து முசிறித் துறைக்குப் போக மலையில் இருக்கும் பெரிய வாசல் பாலக்காட்டுக் கணவாய். கிழக்கே நொய்யல் கரையில் கொடுமணல். பதிற்றுப்பத்து அதைக் கொடுமணம் என்கிறது. 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே தோண்டியபோது கல்மணிப் பட்டறைகளே வெளிவந்தன: பெரில், நீலம், படிகம், சூதுபவளம். முடித்த மணிகளைவிட என்னைக் கட்டிப்போடுவது முடியாதவைதான். பட்டை தீட்டியும் துளை போடாத மணி, வேலை நடுவே உடைந்துபோன மணி. கை வைத்தவரின் 'அடடா' இன்னும் அதில் இருக்கிறது. பெரில் கிடைத்த படியூர், காங்கேயத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தியப் பெரிலையும் அதை ஆறு பட்டையாகத் தீட்டுவதையும் ரோமாபுரியில் இருந்துகொண்டு பிளினி எழுதினார். கல்லுக்கு மாற்றாக வந்த காசு கோவை வெள்ளலூரில் குவியலாகக் கிடைத்தது.

வைடூரியம் என்றால் பூனைக்கண்தானே?
– வேலந்தாவளம் வாசகர்

இன்றைய நகைக்கடையில் அப்படித்தான். பழங்காலத்தில் அந்தப் பெயர் பெரிலுக்கு. பிராகிருதத்தில் வேருலியம், கிரேக்கத்தில் பெரில்லோஸ். ஜெர்மானியர் மூக்குக்கண்ணாடியை 'ப்ரில்லெ' என்பதும் இதே வேரிலிருந்துதான்.

ராசிக்கல் போட்டால் கடன் தீருமா?
– தத்தமங்கலம் வாசகர்

கல் வாங்கிய கடனும் சேரும். நிறம் மனசுக்குப் பிடித்திருந்தால் மட்டும் போடுங்கள்.

கல்லுக்கு நிறம் எப்படி வருகிறது?
– குமுளி வாசகி

பெரும்பாலும் கலப்படத்தால்! குருந்தம் சுத்தமாக இருந்தால் நிறமே கிடையாது. ('கொரண்டம்' என்று உலகமே சொல்வது நம் குருந்தத்தைத்தான்.) துளி குரோமியம் சேர்ந்தால் அது மாணிக்கம், இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். அதே குரோமியம் பெரிலுக்குள் புகுந்தால் பச்சை மரகதம். ஒரே உலோகம் ஒரு வீட்டில் சிவப்பு, அடுத்த வீட்டில் பச்சை! உங்கள் ஊர் மலைமேல் மங்கலதேவி கோட்டத்தில் இருக்கும் கண்ணகியைக் கேளுங்கள். அரசியின் சிலம்பில் முத்து, அவள் சிலம்பில் மாணிக்கம். ஒரு வழக்கையே புரட்டிப்போட்டது அந்தச் சிவப்பு.

மகளுக்கு மாணிக்க மோதிரம் வாங்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?
– மீனாட்சிபுரம் வாசகி

கடை விளக்கை நம்பாதீர்கள். வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பத்து மடங்கு லென்ஸ் கேளுங்கள். உள்ளே உருண்டைக் குமிழிகள் தெரிந்தால் கண்ணாடியோ என்று சந்தேகப்படுங்கள். இசைத்தட்டு வரி போல வளைந்த கோடுகள் தெரிந்தால் உலையில் வளர்த்த மாணிக்கம். அதுவும் குருந்தம்தான், அழகும் குறையில்லை. மண்ணில் விளைந்த கல்லின் விலையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பெரிய கல் என்றால் ஆய்வகச் சான்றிதழும் கேட்டு வாங்குங்கள். மெல்லிய ஊசி ஊசியாகப் பட்டு இழைகள் ஓடினால் சந்தோஷப்படுங்கள்: மண்ணுக்குள் பிறந்த கல்லில்தான் பெரும்பாலும் அந்த இழை ஓடும்.