ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம்

975,000. அழகாக வகுபடுகிற எண். காரணிப்படுத்தினால் மூன்று 2, ஒரு 3, ஐந்து 5, ஒரு 13. 75,000 ஆல் வகுத்தால் மீதியே இல்லாமல் 13 வரும்.

1964 அக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டபோது, நாடற்றிருந்த மலையகத் தமிழரான எங்கள் சனத்தின் தொகையாக வைத்துக்கொண்டது இந்த எண்ணைத்தான். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம். சுருக்கினால் 7, 4, 2. 1974இல் அந்த மிச்சத்தையும் இரண்டு நாட்டுக்கும் சரிபாதியாக்கினார்கள். விகிதம் 8க்கு 5 ஆயிற்று. 5, 8, 13 மூன்றும் ஃபிபனாச்சி வரிசையில் அடுத்தடுத்து நிற்பவை. தற்செயல்தான். ஆனாலும் அந்த நேர்த்தியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கும்.

பெரகல சந்தியில் ஒரு ரோடு அப்புத்தளைக்கு ஏறும், இன்னொன்று கொஸ்லாந்தைப் பக்கம் இறங்கும். அதற்கு மேலே தோட்டத்தில் எங்கள் லயம். ஒரே காம்பரா, ஒரே அடுப்பு. அம்மாயிக்கும் பெரியப்பாவுக்கும் இந்தியா பாஸ்போர்ட் வந்தது, எங்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. ஏழுக்கு நாலு என்ற அந்தக் கணக்கு எங்கள் காம்பராவுக்குள்ளும் வந்தது. பெரியப்பாவின் பெயர் தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் 'கறுப்பையா', விண்ணப்பத்தில் 'கருப்பையா'. அந்த ஒரு எழுத்துக்காக அவர் எத்தனையோ தடவை பேர் போடாமல், அன்றைய சம்பளத்தை விட்டு அலைந்தார்.

அப்புத்தளை ஸ்டேஷனில், ஒப்பாரிக் கோச்சி என்று நாங்கள் சொன்ன அந்த ரயில் கிளம்பும்போது அம்மாயி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "படிப்ப மட்டும் விட்றாத சாமி" என்றார். பாஸ்போர்ட்டை மஞ்சள் துணியில் முடிந்து மடியில் செருகியிருந்தார். தலைமன்னார், கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம். அப்புறம் கடிதம்தான்.

இன்று என் மகளின் அடையாள அட்டையில் 12 இலக்கம். முதல் நாலும் பிறந்த வருஷம். அடுத்த மூன்றும் அந்த வருஷத்தில் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். பிறகு நாலு இலக்கத்தில் வரிசை எண். கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம், எழுதுகிறவர் கை தவறினால் காட்டிக்கொடுப்பதற்கு. பெரியப்பாவுக்கு அப்படி ஒன்று வாய்க்கவில்லை. மகளுடையது 975,000ஐ விட எத்தனையோ பெரிய எண், ஆனால் முழுக்க ஒரே ஒரு ஆளுக்குச் சொந்தம். அது எதனால் வகுபடும் என்று எந்த அரசாங்கமும் பார்ப்பதில்லை.

எங்கள் சனத்தை ஏற்றிப்போன கப்பல் 1984இல் நின்றது. பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டே இங்கே தங்கிப்போனவர்கள் பலர். அவர்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வர 2003 ஆயிற்று.

ஊவாவில் கணக்குப் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். காரணிப் பாடத்துக்கு உதாரணம் தேடும்போது 975,000ஐக் கரும்பலகையில் எழுதுங்கள். பிள்ளைகள் வகுத்து முடித்ததும், அது யாருடைய தொகை என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.