நித்தியகல்யாணியும் கதிர்வீச்சும்

கேள்வி: ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் எங்கள் வீட்டு வாசல் முழுக்க நித்தியகல்யாணி. புற்றுநோய்க்கு மருந்து என்கிறார்கள். கதிர்வீச்சு எடுத்துக்கொள்ளும் மாமாவுக்குக் கஷாயம் வைக்கலாமா?

பதில்: முதலில் அடுப்பை அணையுங்கள்!

செடியில் மருந்து இருப்பது உண்மை. சர்க்கரை நோய்க்கு நல்லதென்று ஜமைக்காவிலிருந்து கனடாவுக்கு வந்த இலை, எலிகளின் சர்க்கரையைக் குறைக்கவில்லை; வெள்ளணுக்களைக் குறைத்தது. அந்த வியப்பைத் துரத்திய ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் 1958-இல் வின்பிளாஸ்டினை அறிவித்தார்கள். அதே செடியின் வின்கிரிஸ்டின் இன்றும் எத்தனையோ குழந்தைகளை இரத்தப் புற்றுநோயிலிருந்து மீட்கிறது. ஆனால் ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். கஷாயத்தில் எவ்வளவு இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அளவு தப்பினால் நரம்பும் இரத்த அணுக்களும் அடிவாங்கும்.

கதிர்வீச்சோடு கைகோத்தது வேறொரு தாவரம்: அமெரிக்காவின் பசிபிக் யூ மரம். அதன் பட்டையில் கிடைத்த பாக்லிடாக்சலின் அமைப்பை 1971-இல் வெளியிட்டவர்களில் ஒருவர், மகாராஷ்டிரத்தில் பிறந்த மன்சுக் வாணி. பிளவுபடும் செல்லை அது நடுவழியில் நிறுத்தும். கதிர்வீச்சு நன்றாகத் தாக்கும் நேரமும் அதுதான். 2012-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அறுவை மட்டும் செய்துகொண்டவர்களின் இடைநிலை ஆயுள் 24 மாதம். அறுவைக்கு முன் பாக்லிடாக்சல், கார்போபிளாட்டின் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்து, கதிர்வீச்சு மூன்றும் பெற்றவர்களுக்கு 49 மாதம்!

சமையலறைச் சரக்குக்கும் இதே எச்சரிக்கைதான்: மாமாவின் ரசத்தில் மஞ்சள் இருக்கட்டும். மஞ்சள் மாத்திரை என்றால் அவருடைய மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

செடிகள்மீது ஆர்வம் என்றால், திருச்சி புனித வளனார் கல்லூரியில் 1967-இல் அருட்தந்தை கே.எம். மேத்யூ தொடங்கிய ராபினட் தாவரக் காப்பகம் பக்கத்திலேயே இருக்கிறது.