நெக்ஸ்ட் ஸ்லைடு, தம்பி

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் அடுக்குமாடி மொட்டை மாடியில் உட்கார்ந்து 58 ஸ்லைடு பார்த்தேன். இடுப்பு வலி இன்னும் விடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிமேல் பழி போட மாட்டேன், அது பாவம், அதற்கும் கால் வளைந்துவிட்டது.

கூடியது ஒரே ஒரு விஷயத்துக்கு. இனிமேல் ஞாயிற்றுக்கிழமையும் தண்ணி லாரி வருமா, வராதா? "வரும்" அல்லது "வராது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு சொல் தட்டியிருந்தால் நாங்கள் பாட்டுக்கு வாளியை எடுத்துக்கொண்டு போயிருப்போம். செக்ரெட்டரி அதற்கு "தண்ணீர் மேலாண்மை: ஒரு முழுமையான பார்வை" என்று பிபிடி போட்டார். முதல் ஸ்லைடில் தலைப்பு. அதன் கீழே அவர் பெயர். அதற்கும் கீழே, அழிக்க மறந்துபோய், "சமர்ப்பிப்பு: துறைத் தலைவர், சிவில் எஞ்சினியரிங்". மனிதர் இன்சூரன்ஸில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். ஒருத்தரும் சிரிக்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சிரிப்பது? எல்லோரும் அந்தக் குளத்தில் இறங்கிக் குளித்தவர்கள்தானே.

போன பொதுக்குழுவில் 40 ஸ்லைடு. முடிந்ததும் மெதுவாக அவரை ஓரம் கட்டி, "கை கவாசாகின்னு ஒருத்தர் சொல்லியிருக்கார் சார். பத்து ஸ்லைடு, இருபது நிமிஷம், எழுத்து முப்பது பாயின்ட்டுக்குக் குறையக் கூடாது" என்றேன். "அருமையான விஷயமா இருக்கே" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்தத் தடவை நான்காவது ஸ்லைடில் அந்த 10-20-30 விதி இருந்தது. பன்னிரண்டு பாயின்ட் எழுத்தில்.

மூன்றாவதில் திருவள்ளுவர். எந்தக் குறள் என்று உங்களுக்கே தெரியும். பதினொன்றில் பூமியில் எத்தனை பங்கு தண்ணீர். இருபத்து மூன்றில் இஸ்ரேலின் சொட்டுநீர்ப் பாசனம். எங்கள் வளாகத்தில் இருக்கிற மொத்த விவசாயமும் ஒரு கறிவேப்பிலை மரம்தான். அதுவும் முதல் மாடி ஏ.சி.யில் ஒழுகுகிற தண்ணீரைக் குடித்து வளர்ந்தது. ஒவ்வொரு ஸ்லைடையும் ஒரு எழுத்து விடாமல் வாசித்தார். நாங்களும் வாசித்தோம். நாங்கள் முடித்துவிட்டு, அவர் வந்து சேர்வதற்காக முக்கில் நின்று காத்திருந்தோம். வந்து சேர்ந்ததும் "நெக்ஸ்ட் ஸ்லைடு, தம்பி" என்பார். பேரன் விளையாட்டு மும்முரத்தில் இரண்டு ஸ்லைடு தாண்டிவிடுவான். மறுபடி பின்னால் வந்து, தாண்டியதைப் பற்றி ஒரு முன்னுரை. கீழே பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது. அந்த வாசனையை வைத்தே அது எவ்வளவு ஆறியிருக்கும் என்று என்னால் சொல்ல முடிந்தது.

இதற்கெல்லாம் ஒரு மூலம் உண்டு, அது ஸ்லைட்ஷேர்தான் என்பது என் கட்சி. எப்படி என்று கட்டுரை முடிவதற்குள் நிரூபித்துவிடுகிறேன். முதலில் வரலாறு.

பவர்பாயின்ட்டை மைக்ரோசாஃப்ட் பெற்றெடுக்கவில்லை, தத்தெடுத்தது. ஃபோர்தாட் என்ற சின்னக் கம்பெனி 1987-இல் மேகின்டாஷுக்காகக் கொண்டுவந்தது. அந்த வருஷமே 1.4 கோடி டாலர் கொடுத்து மைக்ரோசாஃப்ட் கம்பெனியோடு வாங்கிக்கொண்டது. அதற்கப்புறம் இருபது வருஷம் போல, ஒரு பிபிடியால் விளையும் சேதம் ஒரு அறைக்குள் அடங்கியிருந்தது. விளக்கை அணைப்பார்கள், கதவைச் சாத்துவார்கள், நடப்பது நடக்கும், விளக்கைப் போடுவார்கள். உள்ளே மாட்டியவன் தப்பினால் தப்பினதுதான். பக்கத்து ஊருக்குப் பரவாது. பரவ வேண்டுமென்றால் யாராவது பென் டிரைவோடு பஸ் ஏற வேண்டும்.

2006 அக்டோபரில் அந்தக் கதவைத் திறந்துவிட்டார்கள். திறந்தவர்கள் மூன்று பேர். ரஷ்மி சின்ஹா, அவர் கணவர் ஜொனாதன் பூட்டெல், ரஷ்மியின் சகோதரர் அமித் ரஞ்சன். அதாவது பெண்டாட்டி, புருஷன், மச்சான். நம் பக்கத்தில் இந்த மூன்று பேர் சேர்ந்து ஜவுளிக் கடை வைத்தால் மூன்றாவது தீபாவளிக்குள் வக்கீல் நோட்டீஸ் வரும். இவர்களோ ஒரு காலை சான் ஃபிரான்சிஸ்கோவிலும் மறு காலை டெல்லியிலும் வைத்துக்கொண்டு ஆறு வருஷம் தள்ளியிருக்கிறார்கள். அதற்கே எழுந்து நின்று ஒரு கும்பிடு போடலாம்.

ரஷ்மி சாதாரணப் படிப்பு படித்தவரில்லை. பிரவுன் பல்கலைக்கழகத்தில் மூளையும் அறிதலும் சம்பந்தப்பட்ட உளவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். மனித மூளை எதை வாங்கிக்கொள்ளும், எங்கே கதவடைத்துக்கொள்ளும் என்பதே அவருக்குப் பாடம். மென்பொருளைப் புழங்குகிறவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று ஆராய்ந்து சொல்லும் உசான்டோ என்ற ஆலோசனை நிறுவனத்தை நடத்தியவர். இப்படிப்பட்டவர், உலகத்தில் உள்ள ஸ்லைடுகளையெல்லாம் ஓரிடத்தில் கொட்டி வைக்க இடம் கட்டினார் என்றால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்குமா இருக்காதா?

யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? டெல்லியில் நடந்த பார்கேம்ப் என்ற தொழில்நுட்பக் கூடுகையிலிருந்து. பேசி முடித்தவர்களிடம் மற்றவர்கள் "உங்க ஸ்லைடு கிடைக்குமா?" என்று கேட்டார்களாம். ஃபோட்டோவுக்கு ஒரு தளம் இருக்கிறது, வீடியோவுக்கு ஒரு தளம் வந்துவிட்டது, ஸ்லைடுக்குத்தான் இடமில்லை. சரி, கட்டுவோம். இங்கேதான் எனக்கு ஆட்சேபம். "சார், பிபிடி ரொம்ப நல்லா இருந்தது, கொஞ்சம் அனுப்பி வைங்க" என்பது மரியாதைக்குக் கேட்பது. கல்யாண வீட்டுப் பந்தியில் கை கழுவிக்கொண்டே "ஒரு நாள் வீட்டுப் பக்கம் வாங்களேன்" என்று சொல்வதில்லையா, அந்த ரகம். எவனாவது மறுநாள் பெட்டி படுக்கையோடு வந்து நிற்பானா? இவர்கள் நின்றார்கள். வந்து நின்று, வாசலிலேயே ஒரு கட்டடத்தையும் எழுப்பினார்கள்.

எழுப்பினதுதான் எழுப்பினார்கள், கூட்டமும் கூடிவிட்டது. 2012 மே மாதம் லிங்க்ட்இன் சுமார் 11.9 கோடி டாலருக்கு விலை பேசியபோது உள்ளே 90 லட்சம் பிரசன்டேஷன் இருந்தது. 90 லட்சம்! ஒவ்வொன்றுக்கும் கடைசியில் ஒரு "தேங்க் யூ" என்று வைத்தாலும்...

இந்தக் கடைசி ஸ்லைடைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். ரோஜாப்பூ வைக்கிறவர்களை நான் மன்னித்துவிட்டேன். பனித்துளி விழுந்த ரோஜா, கூப்பிய கை, பலகையைக் கடித்துக்கொண்டு நிற்கும் நாய்க்குட்டி, எல்லாம் போகட்டும். என்னால் தாங்க முடியாதது "எனி கொஸ்டின்ஸ்?" ஸ்லைடில் நிற்கும் அந்த வெள்ளை ஆள்தான். தெரியாத மாதிரி நடிக்காதீர்கள். மொழுமொழுவென்று இருப்பான். கண் கிடையாது, மூக்கு கிடையாது, வாய் கிடையாது, துணியும் கிடையாது. தன்னைவிட உயரமான சிவப்புக் கேள்விக்குறி ஒன்றின்மேல் சாய்ந்துகொண்டு, தாடையில் கை வைத்து யோசிப்பான்.

எனக்கு அவனைப் பற்றிக் கேட்க நிறைய இருக்கிறது. எந்த ஊர்க்காரன்? அப்பா அம்மா இருக்கிறார்களா, அவர்களுக்காவது முகம் உண்டா? காய்ச்சல் என்று ஒரு நாள் லீவு போட்டிருப்பானா? "டீம் ஒர்க்" ஸ்லைடில் எட்டுப் பேராக வந்து வட்டமாகக் கை கோத்துக்கொள்கிறான். "இலக்கு" என்றால் அம்பை எடுக்கிறான். "வளர்ச்சி" என்றால் பச்சை வரைபடத்தில் ஏணி போட்டு ஏறுகிறான். "ஆய்வு" என்றால் பூதக்கண்ணாடி. "பங்குதாரர் உறவு" என்றால் இன்னொரு வெள்ளையனோடு கை குலுக்கல். இரண்டில் எவன் முதலாளி என்று இதுவரை எந்தப் பங்குதாரரும் கேட்டதில்லை. தொழிற்சாலைப் பாதுகாப்பு பிபிடியில் மட்டும் அவனுக்கு ஒரு மஞ்சள் ஹெல்மெட் கொடுப்பார்கள். அம்மணமாக நிற்கிறவனுக்கு ஹெல்மெட்! அதையும் மறுக்காமல் மாட்டிக்கொள்வான். பி.எஃப். இல்லை, போனஸ் இல்லை, வார விடுமுறை இல்லை. ஆதார் எடுக்கப் போனால் கண் ரேகைக்கு என்ன செய்வான்? ரேஷன் கடை வரிசையில் நின்றால் பின்னால் இருக்கிறவனுக்கு அவன் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறான் என்று எப்படித் தெரியும்? பெண் பார்க்கப் போன இடத்தில் "பையன் லட்சணமா இருக்கானா?" என்று பாட்டி கேட்டால் தரகர் என்ன பதில் சொல்வார்? "நிறம் மட்டும் நல்ல நிறம்மா" என்றுதான் சொல்ல முடியும். கல்யாணம் ஆகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ராத்திரி வீட்டுக்கு வந்து அந்தக் கேள்விக்குறியை எங்கே சாய்த்து வைப்பான்? வாசலில் வைத்தால் பால்காரர் தடுக்கி விழுவார். பெண்டாட்டி "இன்னிக்கு ஆபீஸ்ல என்ன பண்ணீங்க?" என்று கேட்டால், "யாராவது கேள்வி கேட்பாங்கன்னு நின்னேன், ஒருத்தனும் கேக்கல" என்பான். அதையும் எதை வைத்துச் சொல்வான், வாய்தான் இல்லையே.

விட்டுவிடுகிறேன். எங்கே இருந்தேன்? 58-ஆவது ஸ்லைடு. அதில் அவன்தான் நின்றான். பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. அவனை எனக்கு நன்றாகத் தெரியும். 2009-இல் பயிற்சி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் நானே அவனை வைத்து வேலை வாங்கியிருக்கிறேன், "வாடிக்கையாளர் மனநிறைவு" என்ற 72 ஸ்லைடு பிபிடியில். அதில் என்னுடையது என்று பார்த்தால் பெயரும் தேதியும். தேதியும்கூடத் தானாக மாறுகிற வகை.

ஸ்லைட்ஷேரின் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அங்கே ஏற்றினால் ஸ்லைடில் இருக்கிற அனிமேஷன் எல்லாம் உதிர்ந்துவிடும். பறந்து வரும் எழுத்து பறக்காது, சுழன்று வரும் தலைப்பு சுழலாது. தொழில்நுட்பக் குறை என்பார்கள். எனக்கு அது சமூக சேவை. எங்கள் செக்ரெட்டரியின் ஸ்லைடுகளில் ஒவ்வொரு வரியும் இடது பக்கத்திலிருந்து துள்ளித் துள்ளி வந்தது, கூடவே டைப் அடிக்கும் சத்தம் வேறு.

அங்கே நல்ல சரக்கும் இருந்தது. நெட்ஃப்ளிக்ஸ் தன் அலுவலகப் பண்பாட்டைப் பற்றி 120-க்கும் மேற்பட்ட ஸ்லைடுகளை 2009-இல் அங்கே போட்டது. அழகு என்று எதுவும் இல்லாத வெறும் எழுத்து. அதை லட்சக்கணக்கானவர்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்து விரும்பிப் படித்தார்கள். (தயவுசெய்து இதை எங்கள் செக்ரெட்டரியிடம் சொல்லிவிடாதீர்கள்.) ஸ்லைட்ஷேரே உலகின் சிறந்த பிரசன்டேஷனுக்குப் போட்டி நடத்தியது. 2008-இல் பரிசு வாங்கியதன் பெயர் "தர்ஸ்ட்", தாகம். தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றியதேதான். பக்கத்துக்கு நாலு வார்த்தை, ஒரு பெரிய படம், அவ்வளவுதான். எனக்கு ஆற மாட்டேனென்கிறதே அதனால்தான். செக்ரெட்டரி திருடுவதென்று இறங்கிவிட்டார், இணையம் முழுக்கத் திறந்து கிடக்கிறது, தண்ணீர் பற்றியே பரிசு வாங்கினது ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு எவனோ ஒரு மூன்றாம் ஆண்டு மாணவன் பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஒப்பேற்றினதைப் போய் எடுத்திருக்கிறார். அந்தப் பையனும் சொந்தமாகச் செய்திருக்க மாட்டான். அவன் எடுத்த இடம் எதுவோ. ஏழு தலைமுறை கைமாறி எங்கள் மொட்டை மாடிக்கு வந்து சேர்ந்திருக்கிறது, ஏழு பேரும் படித்துப் பார்க்காமலே.

பிற்பாடு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2016-இல் லிங்க்ட்இன்னையே மைக்ரோசாஃப்ட் வாங்கியது. பெற்றுப் போட்ட ஸ்லைடுகள் எல்லாம் சுற்றிச் சுற்றி பவர்பாயின்ட்டின் வீட்டுக்கே வந்து சேர்ந்தன. நாலு வருஷம் வீட்டில் வைத்திருந்து பார்த்துவிட்டு, 2020-இல் ஸ்கிரிப்ட் என்ற நிறுவனத்துக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அமித் ரஞ்சன் பிறகு நம் அரசின் டிஜிலாக்கர் திட்டத்தில் வேலை பார்த்தார். யாரும் கேட்காத தாள்களுக்கு முதலில் பெட்டி செய்தவர், டிராஃபிக் போலீஸ் கேட்கும் தாள்களுக்கு அடுத்த பெட்டி செய்யப் போனார். நல்ல முன்னேற்றம்.

இனி, எங்கள் மொட்டை மாடிக்கு ஸ்லைட்ஷேர் எப்படிப் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டியது பாக்கி. அதற்காக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோதுதான் ஃபோன் அலறியது. குடியிருப்போர் குழுவில் செக்ரெட்டரி ஒரு கோப்பு அனுப்பியிருந்தார். பெயர் "ஃபைனல் ஃபைனல் 3". 48 எம்.பி. கூடவே ஒரு குறிப்பு: "அன்பர்கள் பலர் விரும்பிக் கேட்டதற்கிணங்க." யார் அந்த அன்பர் என்று எனக்குத் தெரியும். கூட்டம் முடிந்து படியில் இறங்கும்போது, கையில் ஆறிப்போன பஜ்ஜியோடு, "ரொம்ப நல்லா இருந்தது சார், கொஞ்சம் அனுப்பி வைங்க" என்று சொன்னது நான்தான். வேறு என்ன சொல்ல முடியும்? எதிர் ஃப்ளாட்காரர். இன்னும் ஆயுசு முழுக்கப் பார்க்க வேண்டிய முகம்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "ஏங்க, அன்னிக்கு மூணு மணி நேரம் உக்காந்துட்டு வந்தீங்களே, ஞாயித்துக்கெழமை லாரி வருமா வராதா?"

"இரு, டவுன்லோடு ஆயிட்டு இருக்கு" என்றேன்.