கட்-ஆஃப் அண்ணன்

எங்கள் தெருவில் யாருக்காவது வெளிநாட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தால், பத்திரிகையைச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பதற்குள் கட்-ஆஃப் அண்ணனிடம் காட்டியாக வேண்டும். மாப்பிள்ளை பெயரை அவர் படிக்க மாட்டார். பெண் யார் வீட்டுப் பெண் என்று கேட்க மாட்டார். ஊர், தேதி, அவ்வளவுதான். ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு, "கட்-ஆஃப் என்னைக்கு?" என்பார்.

அண்ணனுக்குத் தொழில் க்ளியரிங். ஏற்றுமதிக்காரர்களுக்காகக் கஸ்டம்ஸில் காகிதம் நகர்த்துகிற வேலை. முதலில் சென்னைத் துறைமுகம். 2013-ல் காட்டுப்பள்ளியில் கன்டெய்னர் கப்பல்கள் வர ஆரம்பித்ததும் இந்தப் பக்கம் வந்துவிட்டார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சீல் வைத்த பெட்டி கப்பலேறும் வரை அவர் தூங்க மாட்டார். இன்ன கப்பலுக்கு இன்ன மணிக்குள் பெட்டி துறைமுக கேட்டுக்குள் நுழைந்தாக வேண்டும், அதுதான் கட்-ஆஃப். தப்பினால் பெட்டி கரையில் நிற்கும், கப்பல் போய்விடும். அப்படி நின்றுபோன பெட்டிக்கு அவர்கள் பாஷையில் ‘ஷட்-அவுட்’. பெட்டிகளோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியவருக்கு, நாளாவட்டத்தில் சொந்தக்காரர்களும் பெட்டிகளாகத் தெரிய ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்த ரகத்து ஆலோசகர் இப்போது ஊருக்கு ஒருவர் முளைத்திருக்கிறார். முன்பெல்லாம் கல்யாணம் என்றால் மீஞ்சூரில் ரயிலேறிப் பொன்னேரியில் இறங்கி, மண்டபத்துக்கு வழி கேட்டால் முடிந்தது. இப்போது கடல் தாண்டுகிறார்கள். கல்யாணத்தை நம் நாட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று பிரதமர் 2023 நவம்பரில் வானொலியில் கேட்டுக்கொண்டார். அடுத்த வருஷமே நடிகை வரலட்சுமி சரத்குமார் கல்யாணம் தாய்லாந்தில், நடிகர் நெப்போலியன் மகன் கல்யாணம் டோக்கியோவில். நெப்போலியன் குடும்பம் கப்பலில் போனது என்று படித்த அன்று அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவரே ஷிப்பிங் பில் போட்டு ஏற்றிவிட்ட மாதிரி ஒரு பெருமை.

2025 பங்குனியில் எங்கள் முறை வந்தது. சித்தப்பா மகளுக்கு மெல்போர்ன் மாப்பிள்ளை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் என்று பாலித் தீவில் கடலோரக் கல்யாணம்.

"நம்மூர்ல இல்லாத கடலா?" என்றாள் பெரியம்மா. நியாயமான கேள்வி. காட்டுப்பள்ளியிலும் கடல் இருக்கிறதுதான். தாலி கட்டுகிற படத்தில் பின்னால் கிரேனும் அனல்மின் நிலையப் புகைபோக்கியும் சேர்ந்து விழும், அவ்வளவே.

எங்கள் மொட்டை மாடியில் அண்ணன் கூட்டம் போட்டார். இருபத்து மூன்று பேர். முதலில் பாஸ்போர்ட் ஆய்வு: இறங்குகிற நாளிலிருந்து ஆறு மாதம் உயிர் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, பென்சிலால் டிக். பிறகு விசா. "போய் இறங்கின இடத்துலயே குடுத்துருவான். தலைக்கு அஞ்சு லட்சம்."

"அஞ்சு லட்சமா! இன்னாப்பா சொல்ற? அதுக்கு நான் இங்கயே இன்னொரு கல்யாணம் பண்ணிருவேனே!"

"ருப்பியா, பெரியம்மா. நம்ம காசுல மூவாயிரத்துக்குள்ள."

அந்த ஒரு நிமிஷ மயக்கத்துக்காகவே அவர் முதலில் லட்சத்தைச் சொல்லி அப்புறம் காசை மாற்றுகிறார் என்பது என் சந்தேகம்.

அடுத்தது எடை. 2016 ஜூலையிலிருந்து எடை சரிபார்த்த சான்று இல்லாமல் எந்தக் கன்டெய்னரும் கப்பலேறக் கூடாது என்பது உலகச் சட்டம். அதை அவர் எங்கள் வீட்டு சூட்கேஸ்களுக்கும் நீட்டித்தார். கைத்தராசின் கொக்கியில் பெட்டியை மாட்டித் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பார்ப்பார். பெரியம்மா பெட்டி நாலு கிலோ அதிகம். திறந்தால், சீருக்கு என்று ஒன்பது கொப்பரை.

அண்ணன் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இன்னான்னு நினைச்சீங்க? ஐ.நா. எண் 1363. வகுப்பு 4.2. தானா சூடேறித் தீப்பிடிக்கிற சரக்கு. கப்பல்லயே இதுக்குத் தனி விதி. ப்ளேன்ல எடுக்கவே மாட்டான்." அறுபது வருஷமாகக் கொப்பரையோடு ஒரே சமையலறையில் புழங்கிய பெரியம்மா சற்று நகர்ந்து உட்கார்ந்தாள். "அதுவுமில்லாம, பாலிக்குத் தேங்கா எடுத்துட்டுப் போறது பழவேற்காட்டுக்கு எறா எடுத்துட்டுப் போற மாதிரி" என்று முடித்தார்.

அத்தை பெட்டியில் கால் கிலோ கசகசா. விமானம் மாறுவது சிங்கப்பூரில். அங்கே கசகசா போதைப்பொருள் கணக்கில் வருகிற தடைச் சரக்கு. "குருமா வெக்கப் போய்க் கோர்ட்ல நிக்கணுமா அத்தை?" இரண்டும் பறிமுதல்.

நகை விஷயத்தில் மட்டும் அவர் குரல் தணிந்தது. போட்டுக்கொண்டு போகிற நகைக்குப் புறப்படும்போதே கஸ்டம்ஸில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது நம் சங்கிலி நம்முடையதுதான் என்று நாமே நிரூபிக்க வேண்டியிருக்கும் என்றார். இதை வேறு யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அறை ஒதுக்கீடுதான் அவருடைய உச்சம். கப்பலில் எந்தப் பெட்டி எங்கே என்று வரைகிற ஸ்டோவேஜ் ப்ளான் மாதிரியே ஹோட்டலுக்கும் ஒன்று வரைந்தார். கனமான சரக்கு கீழே: மூட்டு வலிக்காரர்கள் எல்லாம் தரைத்தளம். ஏசி இல்லாமல் தூங்காதவர்கள் ரீஃபர், அதாவது குளிர்பதனப் பெட்டி. ஒன்றோடொன்று சேர்ந்தால் வெடிக்கிற சரக்கைத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். காட்டூர் நிலத் தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோன இரண்டு மாமாக்களுக்கும் நடுவில் மூன்று அறை இடைவெளி. குறட்டை விடுகிறவர்களை வரிசைக் கடைசியில் தள்ளினார். சித்தப்பா அந்தத் தாளைப் பார்த்து, "இவ்ளோ விவரம் பொண்ணு பாக்கறப்பவே தெரிஞ்சிருக்கலாம்" என்றார்.

முகூர்த்தம் 9 மணி என்று இருந்தது. நம்ம மணியா, அந்த ஊர் மணியா? பாலி நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ஐயரும் சித்தப்பாவும் சூரிய உதயத்தை வைத்து வாதாடிக்கொண்டிருந்தபோது அண்ணன் குறுக்கே வந்தார்: "கப்பல் வர்ற நேரம் எப்பவுமே அந்தந்தத் துறைமுகத்து டைம்தான் சாமி." ஐயர் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

இதையெல்லாம் நாங்கள் சிரித்துக்கொண்டேதான் கேட்டோம். சிரிப்பு நின்றது நிகழ்ச்சி நிரலை அவர் கையில் எடுத்தபோது. ‘28 சென்று சேர்தல், 29 வேனில் ஊர் சுற்றல்’ என்று சித்தப்பா மகன் கலர் கலராக அடித்து வைத்திருந்தான்.

"மார்ச் 29 நியெப்பி" என்றார் அண்ணன். பாலிக்காரர்களின் சக வருஷப் பிறப்பு. அன்று காலை 6 மணியிலிருந்து மறுநாள் 6 மணி வரை தீவே மௌன விரதம். விமான நிலையம் மூடல், தெருவில் ஆள் நடமாடக் கூடாது, விளக்கு வெளியே தெரியக் கூடாது. வெளியூர்க்காரனும் ஹோட்டலுக்குள்தான் கிடக்க வேண்டும். எப்படித் தெரியும் என்று கேட்டோம். "எந்த ஊருக்குச் சரக்குப் போனாலும் மொத வேலை அந்த ஊர் லீவு லிஸ்ட்டைப் பாக்கறதுதானே." இருபத்து மூன்று பேரை, அதிலும் அந்த இரண்டு மாமாக்களை, ஒரு நாள் முழுக்க இருட்டில் பேசாமல் உட்காரவைப்பதை எண்ணிப் பார்த்தோம். பயணம் 30-ஆம் தேதிக்கு மாறியது.

இரவு 11 மணி விமானத்துக்கு மத்தியானம் ஒரு மணிக்கு வேனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். வெளிவட்டச் சாலை காலியாகத்தான் கிடந்தது. ஆனால் துறைமுகச் சாலையில் ட்ரெய்லர் வரிசையைப் பார்த்தே வளர்ந்த மனிதருக்குக் காலியான சாலையில் நம்பிக்கை கிடையாது. விமான நிலைய வாசலில் கையில் அட்டையோடு நின்று, ஒவ்வொருவரும் உள்ளே போகப் போகப் பெயருக்கு எதிரே டிக் போட்டார்.

பெரியம்மாதான் கேட்டாள். "உன் பெட்டி எங்கப்பா?"

வீட்டுக்கு இன்னார் என்று மாப்பிள்ளை வீட்டில் அளந்து கொடுத்த எண்ணிக்கை இருபத்து மூன்று. அதில் அவர் இல்லை. அட்டை முழுக்க எழுதியவர் அவர். எங்களில் ஒருவருக்கும் அதுவரை அது தோன்றவில்லை.

"நான் ஷட்-அவுட், பெரியம்மா. லேட் ஆவுது, உள்ள போங்க."

பாலியில் தினமும் காலையில் போன் வரும். "செக்-அவுட் பன்னண்டு மணி. அந்த ஊர் பன்னண்டு. தாண்டினா டெமரேஜ்னு தாமதக் காசு போட்ருவான்." தாலி கட்டுகிற வேளையிலும் வந்தது; சித்தப்பா எடுக்கவில்லை.

திரும்பி வந்த அன்று விடிகாலையில் வாசலில் நின்றிருந்தார். கையில் இரண்டு பை. ஒன்றின் மேல் மார்க்கரில் ‘பெரியம்மா, கொப்பரை, 9’. இன்னொன்றில் ‘அத்தை, கசகசா, 250 கிராம்’. கொப்பரையை எட்டு நாளும் சமையலறையில் வைக்காமல் மாடிப்படிக்குக் கீழே தனியாக வைத்திருந்தாராம். பெரியம்மா எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டாள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டி, "இங்க ஒரு கையெழுத்து" என்றார்.