கடலுக்கு எல்லையில்லை, உதவித்தொகைக்கு உண்டு: வாசகர் கேள்வி–பதில்

கடல், கடலோரம் சார்ந்த முனைவர் பட்ட ஆய்வுக்கு உதவித்தொகை பெறுவது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. வந்த கடிதங்களில் பெருமூச்சு மிகுந்தும் விவரம் குறைந்தும் காணப்பட்டமையால், பெருமூச்சு நீக்கப்பட்டு எஞ்சியவை மட்டும் அச்சேறுகின்றன.

கேள்வி: கடலியல் ஆய்வு மாணவருக்குப் பணம் எந்தெந்த வழிகளில் வருகிறது? (சிதம்பரம் வாசகர்)

பதில்: மூன்று வழிகளில் வருகிறது, நான்காவது வழியாகிய பெற்றோரின் சேமிப்பு இங்கே கணக்கில் சேர்க்கப்படவில்லை. முதலாவது தேர்வு வழி: அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் (சி.எஸ்.ஐ.ஆர்.), பல்கலைக்கழக மானியக் குழு ஆகிய இரண்டின் சார்பில் நடைபெறும், நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் உயர்ந்த இடம் பெறுவோருக்கு, ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைக்கிறது. 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், அதன்பின் ஆய்வின் முன்னேற்றத்தை ஒரு குழு மதிப்பிட்டு நிறைவு தெரிவித்தால் மாதம் 42,000 ரூபாயும் தரப்படுகின்றன. விடுதி கிடைக்காதோருக்கு வீட்டு வாடகைப்படியும் உண்டு. இரண்டாவது அரசுத் திட்டங்களின் வழி: மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் திட்டம் பல்கலைக்கழகத் தேர்வில் முதலிடம் பெற்ற முதுகலை மாணவரைத் தேடுகிறது; தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகையோ மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அரசுக் கல்லூரிகளிலும் பயிலும் முழுநேர ஆய்வாளருக்கு மூன்று ஆண்டுகள் மாதம் 25,000 ரூபாய் தர ஏற்படுத்தப்பட்டது. மூன்றாவது நெறியாளர் வழி: பேராசிரியர் ஒருவர் மத்திய அமைச்சகத்திடம் பெற்ற ‘புராஜெக்ட்’ நிதியில் ஆய்வு மாணவருக்கான இடமும் ஒதுக்கப்பட்டிருப்பது வழக்கம்.

கேள்வி: கடல் உயிரியல் படித்தவர் நெட் தேர்வில் எந்தப் பாடத்தை எழுதுவது? கடலுக்கென்று தனிப் பாடம் ஏன் இல்லை? (தூத்துக்குடி மாணவி)

பதில்: அறிவியல் நெட் தேர்வின் ஐந்து பாடங்களுள் ஒன்று புவி, வளிமண்டலம், பெருங்கடல், கோள்கள் ஆகிய நான்கையும் ஒரே கூரையின்கீழ் வைத்திருப்பதால், கடலுக்குத் தனி வீடு இல்லாவிட்டாலும் வியாழன் கிரகத்தோடு ஒண்டுக்குடித்தனம் கிடைத்திருக்கிறது. உப்புத்தன்மை, அலை, ஓதம், கடற்படிவு, கடல்நீர் வேதியியல் ஆகியவற்றில் பயிற்சி உள்ளவருக்கு அந்தப் பாடம் பொருந்தும். மீன், இறால், மிதவையுயிரி ஆகியவற்றில் ஊறியவர் பெரும்பாலும் உயிர் அறிவியலையே எழுதுகிறார். அங்கே கூட்டம் மிகுதி என்பதோடு, கடலைத் திரும்பிப் பாராத தாவர ஹார்மோனுக்கும் உயிரணுச் சவ்வுக்கும் விடை எழுத வேண்டியிருக்கும். கடலோரச் சூழலையோ கடற்கரை மக்களின் வாழ்வையோ ஆராய்பவருக்கு மானியக் குழுவின் தனி நெட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல், புவியியல் ஆகிய பாடங்கள் உள்ளன. மீன்வளப் பட்டதாரிகளுக்கோ இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தேர்வும் உதவித்தொகையும் தனி. பாடத்தின் பெயரைப் பார்க்காமல் பாடத்திட்டத்தையும் பழைய வினாத்தாள்களையும் பார்த்து முடிவு செய்வதே முறை.

கேள்வி: நெட் தேறியும் ஜே.ஆர்.எஃப். நழுவிவிட்டால் கதவு அடைபட்டதாகுமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: கதவு அடைபடவில்லை, காவலாளி மட்டும் மாறியிருக்கிறார். 2024இல் மானியக் குழு செய்த மாற்றத்தின்படி நெட் முடிவு மூன்று வகையாகப் பிரிகிறது: உதவித்தொகையோடு கூடியது, உதவிப் பேராசிரியர் தகுதியும் முனைவர் பட்டச் சேர்க்கையும் தருவது, சேர்க்கை மட்டும் தருவது. பின்னிரு வகையினருக்குச் சேர்க்கையில் நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் எடை உண்டு. அந்த மதிப்பெண் ஓராண்டு மட்டுமே செல்லும். ஆகவே சேர்க்கையைப் பெற்றுக்கொண்டு, நெறியாளரின் புராஜெக்ட் இடத்துக்கோ மாநில அரசின் உதவித்தொகைக்கோ முயல்வது வழி. ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேட்டுத் தெளிய வேண்டும்: புராஜெக்ட் முடியும் நாளில் சம்பளமும் முடிந்துவிடும், ஆய்வேடு அவ்வளவு ஒழுங்காக முடிவதில்லை.

கேள்வி: ஆய்வு முன்மொழிவின் தலைப்பு எவ்வாறு அமைய வேண்டும்? (காரைக்குடி வாசகர்)

பதில்: தலைப்பைப் படித்த மாத்திரத்தில், இந்தப் பணி எந்த ஊரில் எந்த மாதத்தில் தொடங்கும் என்று மதிப்பீட்டாளருக்குத் தெரிய வேண்டும். ‘பாக் நீரிணையின் கடல்வாழ் உயிரினங்கள்: ஓர் ஆய்வு’ என்னும் தலைப்பு, ஒரு நிறுவனம் அரை நூற்றாண்டு செய்ய வேண்டிய வேலையை ஒரு மாணவர் மூன்று ஆண்டில் முடிப்பதாகச் செய்யும் சத்தியமே அன்றி முன்மொழிவு அன்று. அதே ஆர்வத்தை, ‘தொண்டிக் கரையோரக் கடற்புல் படுகைகளில் பருவமழைக்கு முன்னும் பின்னும் காணப்படும் இளம் மீன்களின் எண்ணிக்கை வேறுபாடு’ என்று சுருக்கினால் இடம், பொருள், காலம், அளக்கப்படுவது ஆகிய நான்கும் ஒரே வரியில் அகப்படுகின்றன. இடத்தைச் சொல்வதிலும் கவனம் வேண்டும். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவில் 21 தீவுகள் என்று நூல்கள் கூறுவதை நம்பி, ‘21 தீவுகளிலும் கரையோர மணல் மாதிரி எடுக்கப்படும்’ என்று எழுதுபவர், பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டதை அறியாதவர் என்பதும், ஆகவே அந்தப் பக்கம் போகாதவர் என்பதும் அந்த ஒரே வாக்கியத்தில் வெளிப்பட்டுவிடும்.

கேள்வி: காலத் திட்டத்தை மதிப்பீட்டாளர்கள் உண்மையிலேயே படிக்கிறார்களா? (இராமேசுவரம் மாணவர்)

பதில்: பலர் அதைத்தான் முதலில் படிக்கிறார்கள், பொய் சொல்லத் தெரியாத பகுதி அது. தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். இழுவலையில் சிக்கும் கழிவு மீன்களை ஆராயப் போவதாகக் கூறி, மே மாதத்தில் இறங்குதளத்தில் மாதிரி சேகரிப்பதாகக் கட்டம் போட்டுக் காட்டுபவருக்கு அங்கே கிடைக்கக்கூடியவை, வலை பின்னும் கைகளும் வண்ணம் பூசப்படும் படகுகளுமே. பாக் நீரிணைப் பகுதியிலோ விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்னும் நடைமுறை உண்டு என்பதால், மாதிரி எடுக்கும் கிழமையைக்கூட அதற்கேற்பக் குறிக்க வேண்டும். காற்றையும் கேட்டாக வேண்டும்: வடகிழக்குப் பருவக்காற்றில் வடகடல் எனப்படும் பாக் நீரிணை கலங்கிக் கொந்தளிக்கும்போது தென்கடல் எனப்படும் மன்னார் வளைகுடா அடங்கியிருப்பதும், தென்மேற்குப் பருவக்காற்றில் இந்நிலை தலைகீழாவதும் மண்டபத்து மீனவர் அனைவரும் அறிந்த செய்தி. அதைக் காலத் திட்டத்தில் எழுதும் மாணவர் கடலை அறிந்தவராகக் கருதப்படுவார். ஆண்டு முழுதும் மாதம் தவறாமல் முத்துக்குளிப்பதாக எழுதுபவர் நாள்காட்டியை மட்டும் அறிந்தவராவார்.

கேள்வி: செலவுப் பட்டியலில் படகு வாடகையைச் சேர்க்கலாமா? ஆய்வுக் கப்பல் கேட்கலாமா? (சென்னை வாசகர்)

பதில்: சி.எஸ்.ஐ.ஆர். உதவித்தொகையோடு, வேதிப்பொருள், பயணம் போன்ற சில்லறைத் தேவைகளுக்கென ‘கன்டின்ஜென்சி’ என்னும் தொகை ஆண்டுக்கு 20,000 ரூபாய் தரப்படுகிறது. படகு, டீசல், ஐஸ் பெட்டி, ஃபார்மலின், பேருந்துக் கட்டணம் என்று எழுதிக் கூட்டிப் பார்த்தால் அந்தத் தொகை எத்தனை பயணத்துக்குத் தாங்கும் என்பது விளங்கும். பயணங்களின் எண்ணிக்கையை அதற்கேற்பக் குறைப்பதோ, மிகுதிச் செலவை நெறியாளரின் புராஜெக்ட் ஏற்கும் என்று எழுத்தில் காட்டுவதோ செய்தாக வேண்டும். கப்பலைப் பொறுத்தவரை, 1983இல் வந்த சாகர் கன்யாவும் 1984இல் வந்த சாகர் சம்பதாவும் மாணவரின் விண்ணப்பத்துக்குக் கரை ஒதுங்குபவை அல்ல. புவி அறிவியல் அமைச்சகத்தின் நிறுவனங்கள் வகுக்கும் பயணங்களில், ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆய்வுப் பணியின் உறுப்பினராக ஓர் இடம் பெறுவதே நடைமுறை. அதற்கு நெறியாளரின் கடிதம் வேண்டும், கடல் மயக்கத்தைத் தாங்கும் வயிறும் வேண்டும்.

கேள்வி: கடல் குதிரையையும் கடல் அட்டையையும் ஆராய அனுமதி தேவையா? மீனவர் வலையில் தானாகவே சிக்குகின்றனவே? (கீழக்கரை வாசகர்)

பதில்: வலைக்குச் சட்டம் தெரியாது; ஆய்வாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் கடல் குதிரையும் கடல் அட்டையும் 2001இல் சேர்க்கப்பட்டன; ஆவுளியா என்று மீனவர் அழைக்கும் கடற்பசுவும், பாறை கட்டும் பவளங்களும், கடல் விசிறியும் அதே பாதுகாப்பில் உள்ளன. செத்துக் கரை ஒதுங்கியதாயினும் அனுமதியின்றி எடுத்து ஆய்வகப் புட்டியில் இடுவது குற்றமாகும். தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி ஆய்வுப் பணிக்கென வழங்கப்படக்கூடியதே. எனினும் அது கைக்கு வர மாதங்கள் ஆகலாம் என்பதால், முதல் ஆண்டின் முதல் வேலையாக அதற்கு விண்ணப்பிப்பதாகவும், அதுவரை அனுமதி தேவைப்படாத கடல்நீர், வெப்பநிலை அளவீடுகளைச் செய்வதாகவும் முன்மொழிவில் காட்டுவது நன்று. அனுமதியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத முன்மொழிவு, எவ்வளவு அழகாக இருந்தாலும், வனத்துறை வாசலில் நின்றுவிடும்.

கேள்வி: பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்க வேண்டும்? (புதுச்சேரி மாணவி)

பதில்: பதவியில் பெரியவரிடம் அன்று, மாணவரின் வேலையைக் கண்ணால் பார்த்தவரிடம். ‘நற்குணமும் கடின உழைப்பும் உடையவர்’ என்று துணைவேந்தர் எழுதும் இரு வரியைவிட, ‘மிதவையுயிரி மாதிரிகளை நுண்ணோக்கியில் இனம் பிரித்து எண்ணத் தெரிந்தவர்’ என்று ஓர் உதவிப் பேராசிரியர் எழுதும் ஒரு வரி கனமானது.

கேள்வி: அமெரிக்காவின் ‘சீ கிராண்ட்’ உதவித்தொகைக்கு இங்கிருந்தே விண்ணப்பிக்கலாமா? (மதுரை வாசகர்)

பதில்: சீ கிராண்ட் என்பது 1966ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமெரிக்காவின் கடலோர, பேரேரிக் கரை மாநிலப் பல்கலைக்கழகங்களோடு பிணைக்கப்பட்ட ஆய்வுநிதி ஏற்பாடு. அதன் புகழ்பெற்ற நாஸ் கடற்கொள்கை உதவித்தொகை 1979 முதல் வழங்கப்பட்டு, முதுநிலை மாணவர்களை ஓராண்டு வாஷிங்டனில் அரசு அலுவலகங்களில் பணியாற்ற வைக்கிறது. அதற்கு முதலில் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தாக வேண்டும். இங்கேயே இருந்துகொண்டு சில மாதப் பயிற்சியை மட்டும் வெளிநாட்டு ஆய்வகத்தில் பெற விரும்பும் இளம் ஆய்வாளருக்கு, போகோ, ஸ்கார் என்னும் இரு பன்னாட்டுக் கடலியல் அமைப்புகள் இணைந்து வழங்கும் குறுகிய கால உதவித்தொகை கூடுதலாகப் பொருந்தும்.

கேள்வி: உதவித்தொகை மாதந்தோறும் தவறாமல் வந்துவிடுமா? (கடலூர் வாசகர்)

பதில்: ஆணையில் மாதந்தோறும் என்று இருக்கும்; வங்கிக் கணக்கில் சில வேளை பருவந்தோறும் என்று ஆகிவிடும். சேர்க்கை அறிக்கை, வருகைச் சான்று, வாடகைச் சான்று, ஆண்டு முன்னேற்ற அறிக்கை, வாங்கிய தொகை உரிய வழியில் செலவானதைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் ஆகியவற்றுள் ஒன்று தவறினாலும் பணம் நின்றுவிடும் என்பதால், ஒவ்வொன்றின் நகலும் தேதியோடு ஒரு கோப்பில் இருக்க வேண்டும். முதல் தவணை தாமதமாகும் என்று கொண்டு சில மாதச் செலவுக்குக் கையில் வைத்திருப்பது அறிவுடைமை. அது இயலாத குடும்பத்தினருக்கு இந்தத் தாமதமே ஆய்வைக் கைவிடக் காரணமாகிறது என்பதை நிதி வழங்கும் அலுவலகங்கள் உணர வேண்டும்.

கேள்வி: எல்லாம் சரியாக எழுதியும் நிராகரித்துவிட்டால்? (வேதாரண்யம் வாசகர்)

பதில்: நிராகரிப்புக் கடிதத்தில் காரணம் இருந்தால் அதைத் திருத்தி எழுதி அடுத்த சுற்றுக்கு அனுப்ப வேண்டும், காரணம் இல்லையென்றால் அந்தத் துறையை அறியாத நண்பர் ஒருவரிடம் முன்மொழிவைக் கொடுத்து, எந்த இடத்தில் புரியாமல் நின்றார் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் அவர் நின்ற இடத்தில்தான் மதிப்பீட்டாளரும் நின்றிருப்பார். கடல் எவ்வளவு பெரிது என்பதற்காக எந்தக் குழுவும் பணம் தருவதில்லை. அதில் ஒரு சிறு கேள்விக்குக் குறித்த காலத்தில், குறித்த செலவில், சட்டத்துக்கு உட்பட்டு இவர் விடை கண்டுவிடுவார் என்ற நம்பிக்கைக்குத்தான் தருகிறது. அந்த நம்பிக்கையை ஊட்டும் முன்மொழிவைக் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுவது நல்லது. கடைசி இரவில் இணையதளம் முடங்குவது வடகிழக்குப் பருவமழையைவிட உறுதியாக எதிர்பார்க்கத்தக்கது.