பழுது அவனிடம், பட்டறையில் அவள்

ஹாலிவுட் காதல் படங்களை நம்பினால், கண்ணாடி போட்ட பெண் என்று உலகத்தில் யாருமே கிடையாது. கண்ணாடியைக் கழற்றாத பேரழகிகள்தான் உண்டு. பள்ளிக்கூட நாளிலிருந்தே கண்ணாடி போடுகிறவள் என்ற முறையில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கழற்றினால் எங்களுக்கு அழகு வருவதில்லை, சந்தேகம்தான் வரும். எதிரே வருவது அத்தையா ஆட்டோக்காரரா என்று தெரியாமல், இருவருக்கும் பொதுவாக ஒரு புன்னகையைத் தயாராக வைத்திருப்போம்.

1999-இல் வந்த ‘ஷீஸ் ஆல் தட்’ படத்தில் லேனி என்றொரு மாணவி. கண்ணாடி போட்டிருப்பாள், ஓவியம் வரைவாள், உடுப்பெல்லாம் பெயின்ட். பள்ளியின் நாயகனான பையன், அவளை ப்ராம் என்னும் பள்ளி நடன விருந்தின் ராணி ஆக்கிக் காட்டுகிறேன் என்று நண்பனிடம் பந்தயம் கட்டுகிறான். முடியைக் கத்தரித்து, புருவத்தைத் திருத்தி, சிவப்பு கவுன் மாட்டி அவளை மாடிப்படியில் இறக்குகிறார்கள். அவன் வாய் பிளக்கிறான். அவள் கால் இடறுகிறாள். படத்தில் நான் முழுமனதாக நம்பிய இடம் அதுதான்.

அலங்காரத்தின் மேல் எனக்குப் புகார் இல்லை. பெண்ணை வைத்துப் பந்தயம் கட்டியவன் அவன். திருத்தப்படுவதோ அவள் புருவம். ஓடாத வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, பக்கத்து வண்டியைப் பிரித்து மேயும் மெக்கானிக் மாதிரி! முடிவு சப்பென்று போகாமல் என்ன செய்யும்?

‘த பிரேக்ஃபாஸ்ட் கிளப்’ (1985) ஆலிசனைப் பாருங்கள். தான் வரைந்த படத்தில் பனி பெய்ய வேண்டும் என்பதற்காகத் தலைப் பொடுகை உதிர்த்துத் தூவுகிறவள். இப்பேர்ப்பட்ட கலைஞரைப் பிடித்து, தலை வாரி, ரிப்பன் கட்டி உட்கார வைத்த பிறகுதான் விளையாட்டு வீரப் பையனின் கண்ணுக்கு அவள் தெரிகிறாள்.

‘ப்ரெட்டி இன் பிங்க்’ (1986) கதை இன்னும் விசேஷம். ஆண்டி தன் உடையைத் தானே தைத்துப் போடும் ஏழைப் பெண். நண்பன் டக்கி அவள் மேல் உயிரையே வைத்திருக்கிறான். பணக்காரப் பையன் பிளேனோ ப்ராமுக்கு வா என்று அழைத்துவிட்டு, கூட்டாளிகளுக்குப் பயந்து நழுவுகிறான். முதலில் எடுத்த முடிவில் ஆண்டியும் டக்கியும்தான் ஜோடி. முன்கூட்டிப் போட்டுக் காட்டியபோது பார்த்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. உடனே பிளேனோடு சேர்த்து மறுபடி படமாக்கினார்கள். அதற்குள் பிளேனாக நடித்த ஆண்ட்ரூ மெக்கார்த்தி ஒரு நாடகத்துக்காகத் தலையை மழித்திருந்தார். வைத்தார்கள் ஒரு விக். அவர் உருகி உருகிக் காதல் சொல்ல, என் கண் அந்த விக்கை விட்டு அசையவில்லை. இந்த வகைப் படங்களில் நாயகனுக்கு மேக்கோவர் கிடைப்பதே அபூர்வம், கிடைத்ததும் இப்படி.

எழுதிய ஜான் ஹியூஸுக்கும் மனசு ஆறவில்லை போலிருக்கிறது. 1987-இல் ‘சம் கைண்ட் ஆஃப் வொண்டர்ஃபுல்’ படத்தில் ஆணையும் பெண்ணையும் இடம் மாற்றி, கூடவே இருந்த தோழியை ஜெயிக்க வைத்தார்.

இதற்கெல்லாம் பாட்டனார் பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ நாடகம். பூக்காரி எலைசாவுக்குப் பேச்சு கற்றுக்கொடுத்துச் சீமாட்டியாக்கும் பேராசிரியர் ஹிக்கின்ஸ், தான் மட்டும் துளியும் திருந்தமாட்டார். ஷா அவர்களைச் சேர்த்து வைக்கவில்லை. ஆனால் 1914-இல் லண்டன் மேடையில் ஹிக்கின்ஸாக நடித்தவர், திரை விழுமுன் எலைசாவுக்குப் பூச்செண்டு வீசிவிட்டார். கொதித்துப்போன ஷா, 1916-இல் ஒரு பின்னுரை எழுதி எலைசாவை, அவளையே சுற்றிவந்த இளைஞன் ஃப்ரெடிக்குக் கட்டிக்கொடுத்து, பூக்கடையும் வைத்துக்கொடுத்தார். பயன்? 1938-இல் வந்த படத்தில் எலைசா ஹிக்கின்ஸிடமே திரும்புகிறாள். வேடிக்கை, அந்தத் திரைக்கதைக்காக ஷாவுக்கு ஆஸ்கர்! 1964-இன் ‘மை ஃபேர் லேடி’யில், திரும்பி வந்தவளிடம் ஹிக்கின்ஸ் விசாரிப்பது தன் செருப்பு எங்கே என்று.

நம்மவர்களும் சளைத்தவர்கள் இல்லை. ‘மன்னன்’ (1992) விஜயசாந்தி தொழிற்சாலையையே ஆட்டிப்படைத்தவர். கடைசியில் அவரும் இல்லத்தரசி.

எந்த இயக்குநராவது மனது வைத்து நாயகனைப் பட்டறையில் விடட்டும். பந்தயம் கட்டும் வாயை அடைத்து, தன் செருப்பைத் தானே தேடப் பழக்கி, கூட்டாளிகள் முன்னால் வளையாத ஒரு முதுகெலும்பையும் பொருத்தி, மாடிப்படியில் இறக்கட்டும். கீழே நின்று பார்த்துவிட்டு, வேண்டுமா வேண்டாமா என்று அவள் சொல்லட்டும். அப்போதும் அவள் டக்கியோடு கிளம்பிவிட்டால், முதல் கைதட்டல் என்னுடையது.